பெண் பூனைகளுக்கான கருத்தடை அறுவை முறைகள்

பெண் பூனைகளுக்கான கருத்தடை அறுவை என்பது, பெட்டைப் பூனை மீண்டும் சினையுறாதவாறு அதன் சூலகங்களை மட்டுமோ, சூலகங்களுடன் கருப்பையையும் சேர்த்தோ அகற்றும் கால்நடை அறுவைச் சிகிச்சை ஆகும். ஆங்கிலத்தில் இது ஸ்பேயிங் என வழங்கப்படுகிறது. கடுவன் பூனைகளுக்குச் செய்யப்படும் விதை நீக்கம் உடலின் வெளிப்புறத்தில் செய்யப்படும் எளிய அறுவை. பெட்டைக்குச் செய்யப்படுவதோ வயிற்றறையைத் திறந்து செய்யப்படும் பெரிய அறுவையாகும். மிக அதிக எண்ணிக்கையில் செய்யப்படுவதால் இது ஒரு சிறிய வேலை என்ற எண்ணம் பரவலாக உள்ளது. அது சரியன்று.

இவ்வறுவையின் முறைகளை வகைப்படுத்தும்போது இரண்டு வேறுபட்ட வினாக்கள் அடிக்கடி ஒன்றாகக் குழப்பப்படுகின்றன. ஒன்று, எந்த உறுப்புகளை அகற்றுவது என்பது. மற்றொன்று, வயிற்றறைக்குள் எவ்வழியாகச் செல்வது என்பது. ஒன்றுக்கான விடை மற்றொன்றைத் தீர்மானிப்பதில்லை. சூலகத்தை மட்டும் அகற்றுவதை வயிற்றின் நடுவிலும் செய்யலாம், பக்கவாட்டிலும் செய்யலாம்.

உடற்கூறும் இனப்பெருக்கமும்

பூனையின் கருப்பை மனிதக் கருப்பையைப் போன்று பேரிக்காய் வடிவினதன்று. கருப்பைக் கழுத்தை ஒட்டிய குறுகிய உடற்பகுதியும், அதிலிருந்து இருபுறமும் பிரிந்து முன்னோக்கிச் செல்லும் நீண்ட இரு கொம்புகளும் கொண்ட கவை வடிவம் உடையது. குட்டிகள் இக்கொம்புகளிலேயே வரிசையாக வளர்கின்றன. ஒவ்வொரு கொம்பின் நுனியிலும், சிறுநீரகத்துக்குச் சற்றுப் பின்னால் ஒரு சூலகம் அமைந்துள்ளது. வலச் சூலகம் இடச் சூலகத்தைவிடச் சிறிது முன்தள்ளி இருக்கும். சூலகத்தை முதுகுப்புறச் சுவரோடு பிணைத்து வைக்கும் தாங்குநார் நாயில் இறுக்கமானது, பூனையில் தளர்வானது. ஆகையால் நாயில் சூலகத்தை வெளியே இழுப்பது கடினம். பூனையில் சூலகம் எளிதாக வந்துவிடும், கருப்பையின் உடற்பகுதியை எட்டுவதே கடினம். இந்தச் சிறு வேறுபாடே வெட்டு எங்கு அமையவேண்டும் என்பதை முடிவு செய்கிறது.

சூலகத் தமனிகள் பெருந்தமனியிலிருந்து நேரடியாகக் கிளைப்பவை. வலச் சூலகச் சிரை நேரே பெருஞ்சிரையிலும், இடச் சூலகச் சிரை இடச் சிறுநீரகச் சிரையிலும் கலக்கின்றன. இதனால் சூலகக் காம்பில் இடப்பட்ட முடிச்சு நழுவினால் குருதியிழப்பு விரைவாக நிகழக்கூடும்.

பெரும்பாலான பெட்டைகள் ஏறத்தாழ ஆறு மாத வயதில் பருவமடைகின்றன. நான்கு மாதத்திலேயே சினையுறும் பூனைகளும் உண்டு. பூனைக்குச் சினைப்பருவம் பகல் வெளிச்சத்தின் நீளத்தைச் சார்ந்தது. குளிர்நாடுகளில் பகல் குறுகும் மாதங்களில் அது நின்றுபோகும். நிலநடுக்கோட்டை அண்டிய பகுதிகளில் ஆண்டு முழுவதும் தொடரக்கூடும். இணைசேர்ந்த பின்னரே சூல்முட்டை வெளிப்படுவதால், சேர்க்கை நிகழாத பூனை இரண்டு மூன்று வாரங்களுக்கு ஒருமுறை மீண்டும் மீண்டும் சினைப்பருவம் அடைந்து கத்திக்கொண்டிருக்கும். சினைக்காலம் ஏறத்தாழ 63 முதல் 65 நாட்கள். குட்டிகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த சினை தரிப்பதும் உண்டு.

சூலக-கருப்பை நீக்கம்

இரு சூலகங்கள், இரு கொம்புகள், கருப்பையின் உடற்பகுதி ஆகிய யாவும் அகற்றப்படும் முறை இதுவாகும். வட அமெரிக்காவில் நெடுங்காலமாக இதுவே கற்பிக்கப்பட்டு வந்துள்ளது. முதலில் ஒருபுறச் சூலகத்தை வெளிக்கொணர்ந்து, அதன் காம்பைக் கட்டி வெட்டுவர். பின்னர் அக்கொம்பைப் பின்பற்றிக் கவை பிரியுமிடம் வரை சென்று, மற்றைய கொம்பின் வழியே அடுத்த சூலகத்தை அடைவர். இறுதியில் கருப்பைக் கழுத்துக்குச் சற்று முன்னால் உடற்பகுதியை, இருபுறமும் ஓடும் கருப்பைத் தமனிகளையும் உள்ளடக்கிக் கட்டி வெட்டுவர்.

கருப்பையில் ஏற்கனவே நோய் இருந்தால் இம்முறையைத் தவிர வேறு தெரிவு இல்லை. கருப்பையில் சீழ் தேங்கும் பயோமெட்ரா என்ற நிலை இவற்றுள் முதன்மையானது. சீழ் நிரம்பிய கருப்பை மெல்லிய காகிதம்போல் கிழியக்கூடியது என்பதால் அவ்வேளையில் சிறுவெட்டு போதாது, நடுவயிற்றில் நீண்ட வெட்டே இடப்படும். சினையுற்ற பூனைக்கும் கருப்பையையும் சேர்த்தே அகற்றுவர். அவ்வாறு செய்கையில் குட்டிகளும் இழக்கப்படுவதால், இது மருத்துவர்களிடையேயும் விலங்குநல ஆர்வலர்களிடையேயும் கருத்து வேறுபாட்டுக்கு உரியதாகவே உள்ளது.

சூலக நீக்கம்

கருப்பையை உள்ளேயே விட்டுவிட்டு, சூலகங்களை மட்டும் அகற்றுவது இம்முறை. நெதர்லாந்து முதலிய ஐரோப்பிய நாடுகளில் நோயற்ற இளம் விலங்குகளுக்கு இது வழக்கமான முறையாகியுள்ளது. கருப்பையை விட்டுவைத்தால் பின்னாளில் அதில் சீழ் கட்டாதா என்பது இம்முறையைக் கேள்வியுறுவோர் முதலில் எழுப்பும் ஐயம். கருப்பைச் சீழ்கட்டு உருவாவதற்குப் புரோஜெஸ்டிரோன் என்ற இயக்குநீரின் தூண்டல் தேவை. இரு சூலகங்களும் முழுமையாக அகற்றப்பட்ட பின் அவ்வியக்குநீரின் ஊற்று இல்லாது போகிறது, கருப்பை சுருங்கிவிடுகிறது. வெளியிலிருந்து அதே வகை மருந்து கொடுக்கப்பட்டாலன்றி அந்நோய் தோன்ற வாய்ப்பில்லை. கருப்பைப் புற்று பூனைகளில் அரிது.

நெதர்லாந்தின் ஊட்ரெக்ட் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆய்வாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஒரு மீளாய்வு, நோயற்ற விலங்கில் கருப்பையையும் சேர்த்து அகற்றுவதால் கூடுதல் நன்மை எதுவும் காட்டப்படவில்லை என்ற முடிவுக்கு வந்தது. அம்மீளாய்வு நாய்களைப் பற்றியது. எனினும் அதன் வாதங்கள் பூனைக்கும் பெரும்பாலும் பொருந்துவனவாக எடுத்துக்கொள்ளப்படுகின்றன. சூலக நீக்கத்துக்குச் சிறிய வெட்டே போதும். கருப்பைக் கழுத்தை அண்டிய பகுதியில் வேலை இல்லாததால், சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்குச் செல்லும் குழாயைத் தவறுதலாகக் கட்டிவிடும் வாய்ப்பும் குறைகிறது. இவ்வளவு இருந்தும் பல நாடுகளில் பழைய முறையே தொடர்வதற்கு மாணவர்கள் எதைக் கற்றார்களோ அதையே செய்கிறார்கள் என்பதைத் தவிர வலுவான காரணம் சொல்வது கடினம்.

சூலகத்தை விட்டுவைக்கும் முறைகள்

கருப்பையை மட்டும் அகற்றிச் சூலகத்தை விட்டுவைத்தலும், குழாய்களை மட்டும் கட்டிவிடுதலும் செய்முறையில் இயலக்கூடியவை. இரண்டிலும் குட்டி பிறக்காது. ஆனால் சூலகத்தின் இயக்குநீர்கள் தொடர்ந்து சுரப்பதால் கத்தல், உருளல், வீட்டைவிட்டு ஓடுதல், கடுவன்கள் கூடுதல் ஆகிய எல்லாம் தொடரும். பால்சுரப்பிப் புற்றிலிருந்து கிடைக்கும் பாதுகாப்பும் இல்லை. குழாய்க்கட்டில் கருப்பைச் சீழ்கட்டு வரும் வாய்ப்பும் எஞ்சியுள்ளது. பூனைகளில் இவை அரிதாகவே மேற்கொள்ளப்படுகின்றன.

நடுவயிற்று வழி

பூனையை மல்லாத்திக் கிடத்தி, தொப்புளுக்கும் இடுப்பெலும்பின் முன்விளிம்புக்கும் இடைப்பட்ட பகுதியில் நடுக்கோட்டில் வெட்டுவது இம்முறை. நாயில் தொப்புளுக்கு அருகிலேயே வெட்டுத் தொடங்கும். பூனையில் மேற்கூறிய காரணத்தால் அதைவிடப் பின்னால், அவ்விடைவெளியின் நடுப்பகுதியில் அமையும். இரு பக்க வயிற்றுத் தசைகளும் இணையும் வெண்கோடு எனப்படும் நாரிழைப் பட்டையின் வழியே உள்ளே செல்வதால் தசை வெட்டப்படுவதில்லை, குருதிக்கசிவும் மிகக் குறைவு. தேர்ந்த கைகளில் இவ்வெட்டு இரண்டு சென்டிமீட்டருக்கும் குறைவாக இருக்கக்கூடும். கொம்பை வெளியே எடுக்க ஸ்னூக் கொக்கி என்ற வளைந்த கருவி பயன்படுகிறது.

இவ்வழியின் பெரிய வலிமை, வேண்டும்போது வெட்டை முன்னும் பின்னும் நீட்டமுடிவதாகும். முடிச்சு நழுவினாலோ, எதிர்பாராது சினை இருப்பது தெரியவந்தாலோ இரு பக்கங்களையும் ஒரே திறப்பின் வழி காணலாம். அதன் குறை, மூடுதலில் உள்ளது. வயிற்றறையின் எடை முழுவதும் அத்தையலின் மீது தங்குகிறது. வெண்கோட்டுத் தையல் விட்டுப்போனால் குடல் வெளியே சரியக்கூடும். எனவே தோலையும் தோலடிப் படலத்தையும் எவ்வளவு அழகாகத் தைத்தாலும், வெண்கோட்டைத் தைக்கும் தையலே உயிர்காப்பது. பால் கொடுக்கும் பூனையில் வீங்கிய பால்சுரப்பிகளின் இடையே வெட்டவேண்டியிருப்பது மற்றொரு இடர்ப்பாடு.

பக்கவாட்டு வழி

பூனையை ஒருபுறமாகச் சாய்த்துக் கிடத்தி, கடைசி விலாவுக்கும் இடுப்புக்கும் இடையிலுள்ள பகுதியில் வெட்டுவது இது. பிரித்தானியாவில் பூனைகளுக்கு மரபாக இவ்வழியே கையாளப்பட்டு வந்துள்ளது. அங்கு இடப்பக்கம் வழக்கமானது. வெட்டும் இடத்தைக் கண்டுபிடிக்க மாணவர்களுக்கு ஒரு எளிய குறிப்புச் சொல்லித்தரப்படுகிறது. இடுப்பெலும்பின் மேல்முனை ஒரு புள்ளி, தொடையெலும்பின் மேற்பகுதியில் கைக்குத் தட்டுப்படும் முனைப்பு மற்றொரு புள்ளி. இவ்விரண்டோடு சமபக்க முக்கோணத்தை நிறைவு செய்யும் மூன்றாம் புள்ளியே வெட்டுமிடம். அங்கு மூன்று தசை அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாக வெவ்வேறு திசைகளில் ஓடுகின்றன. அவற்றை வெட்டாமல் இழைகளின் திசையிலேயே விலக்கி உள்ளே செல்வர். கருவிகளை எடுத்தவுடன் அடுக்குகள் தாமாகவே ஒன்றையொன்று மூடிக்கொள்வதால், மேல்தையல் பிரிந்தாலும் குடல் வெளிவருவது அரிது.

பிடித்து, கருத்தடை செய்து, பிடித்த இடத்திலேயே விடப்படும் தெருப்பூனைகளுக்கு இவ்வழி பொருத்தமானது என்பர். அத்தகைய பூனையை மீண்டும் கையில் பிடித்துப் புண்ணைப் பார்க்க இயலாது, பக்கவாட்டுப் புண்ணையோ தொலைவிலிருந்தே காணலாம். பால் கொடுக்கும் பூனைகளுக்கும் இது ஏற்றது.

குறைகளும் உண்டு. மறுபக்கச் சூலகம் தொலைவில் இருப்பதால் அதன் காம்பு நழுவி உள்ளே சென்றுவிட்டால் மீட்பது கடினம். வெட்டை நீட்டவும் இடமில்லை. ஆதலால் சினை முற்றிய பூனை, சீழ்கட்டு உள்ள பூனை, மிகப் பருத்த பூனை ஆகியவற்றுக்கு இவ்வழி தவிர்க்கப்படுகிறது. பிரித்தானிய ஆய்வாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஓர் ஒப்பீட்டு ஆய்வில், பக்கவாட்டில் வெட்டப்பட்ட பூனைகளின் புண் தொடும்போது கூடுதல் நோவுடையதாக இருந்தது கண்டறியப்பட்டது.

சயாமிய வகைப் பூனைகளில் ஒரு விந்தையான சிக்கல் உள்ளது. அவற்றின் மயிர்நிறத்தை உண்டாக்கும் நொதி குளிர்ந்த தோலில் மட்டுமே சரிவர இயங்கும். காது, வால், பாதம், முகம் கருத்திருப்பது அதனாலேயே. அறுவைக்காக மழித்த இடம் குளிர்வதால் அங்கு முளைக்கும் மயிரும் கருமையாக வளரும். அடுத்த மயிர் உதிர்வு வரை வெளிர் உடலில் ஒரு சதுரக் கறை தெரியும். உடல்நலத்துக்கு இதனால் கேடில்லை. ஆயினும் உரிமையாளரின் மனக்குறையைத் தவிர்க்க இவ்வகைப் பூனைகளுக்குப் பிரித்தானிய மருத்துவர்களும் நடுவயிற்று வழியைத் தேர்வர்.

லேப்பராஸ்கோப்பி வழி

வயிற்றறைக்குள் கரியமிலவாயுவைச் செலுத்தி உப்பச்செய்து, சிறு துளைகளின் வழியாக ஒளிப்படக் கருவியையும் நீண்ட இடுக்கிகளையும் நுழைத்துச் செய்யப்படும் முறை இது. பெரும்பாலும் சூலக நீக்கமே இவ்வாறு செய்யப்படுகிறது. பூனையை ஒருபக்கமாகச் சாய்த்தால் குடல் விலகிச் சூலகம் தெரியும். குருதிக்குழாய்களை முடிச்சிடாமல், மின்வெப்பத்தால் ஒட்டி மூடும் கருவியால் மூடி வெட்டுவர். திசுக்களை வெளியே இழுக்கவேண்டியதில்லை என்பதால் வலி குறைவு. கருவிகளின் விலையும் பயிற்சியும் பெருந்தடை. பூனையின் திறந்தமுறை வெட்டு ஏற்கனவே மிகச் சிறியது என்பதால், பெரிய நாய்களில் கிடைக்கும் அளவுக்கு இதன் ஆதாயம் பூனையில் வெளிப்படையாகத் தெரிவதில்லை.

குருதிக்குழாய்களைக் கட்டுதல்

எந்த வழியில் சென்றாலும் அறுவையின் உயிர்நிலை சூலகக் காம்பைக் கட்டுவதில்தான் உள்ளது. முன்னாளில் விலங்குக் குடலிலிருந்து செய்யப்பட்ட கேட்கட் இழை பயன்பட்டது. இன்று பாலிகிளாக்டின், பாலிடையோக்சனோன், பாலிகிளிகாப்ரோன் போன்ற, உடலில் தாமே கரையும் செயற்கை இழைகள் பயன்படுகின்றன. கரையாத இழைகளை உள்ளே விட்டால் ஆண்டுகள் கழித்தும் அவற்றைச் சுற்றிக் கட்டியோ சீழ்ப்புழையோ தோன்றக்கூடும்.

இழையே இல்லாமல் கட்டும் முறையும் பூனைகளில் உண்டு. சூலகக் காம்பின் குருதிக்குழாய்களை வளைந்த இடுக்கியின் முனையில் சுற்றி, அவற்றையே கொண்டு முடிச்சிட்டு இறுக்குவர். நாயின் காம்பில் கொழுப்பு மிகுதி, பூனையின் காம்போ மெலிந்தது. ஆதலால் இது பூனைக்கே சிறப்பாகப் பொருந்துகிறது. அமெரிக்காவில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட பூனைகளைக் கொண்டு நடத்தப்பட்டு 2016-இல் வெளியான ஆய்வொன்று, இம்முறை விரைவானது என்றும் இதனால் குருதிக்கசிவு நேர்வது மிக அரிது என்றும் காட்டியது. ஒரு நாளில் பல பூனைகளுக்கு அறுவை செய்யும் முகாம்களில், ஒவ்வொரு பூனைக்கும் மிச்சமாகும் இரண்டொரு நிமிடமும் ஓர் இழையின் விலையும் சிறு பயன்களல்ல.

மயக்கமும் வலி நீக்கமும்

மயக்கத்துக்குக் கெட்டமின், மெடெட்டோமிடின் அல்லது டெக்ஸ்மெடெட்டோமிடின், பியூப்ரனார்ஃபின் போன்றவற்றின் கலவை தசையில் ஊசியாகச் செலுத்தப்படுவதுண்டு. ஐசோஃப்ளூரேன் வாயுவால் மயக்கத்தை நீடிப்பதும் வழக்கம். சிறு குட்டிகள் விரைவில் உடற்சூட்டை இழப்பதாலும், அவற்றின் குருதிச் சர்க்கரை குறைந்துவிடுவதாலும் அவற்றை நெடுநேரம் பட்டினி போடக்கூடாது.

அறுவைக்குப் பின்னர் மெலாக்சிகம் போன்ற வலிநீக்கிகள் மருத்துவரின் அளவுப்படி தரப்படுகின்றன. மனிதர்க்குரிய பாரசிட்டமால் மாத்திரை பூனைக்கு நஞ்சாகும். அதனைச் சிதைத்து வெளியேற்றத் தேவையான வேதிவழி பூனையின் ஈரலில் மிகக் குறைவாகவே உள்ளதால், குருதியின் சிவப்பணுக்கள் உயிர்வளியைச் சுமக்கும் திறனை இழக்கின்றன. ஒரே மாத்திரையும் உயிரைப் பறிக்கப் போதுமானது. அறுவை முடிந்த பூனை நோவால் முனகுவதைக் கண்டு வீட்டில் உள்ள மாத்திரையைக் கொடுப்பது, அறுவையின் எந்தச் சிக்கலையும்விட ஆபத்தானது.

உகந்த வயது

ஒரு முறை குட்டி ஈன்ற பின்னரே அறுவை செய்யவேண்டும் என்ற நம்பிக்கைக்கு அறிவியல் அடிப்படை இல்லை. மாறாக, 2005-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றில், ஆறு மாதத்துக்கு முன் அறுவை செய்யப்பட்ட பூனைகளில் பால்சுரப்பிப் புற்று ஏற்படும் வாய்ப்பு 91 விழுக்காடும், ஓராண்டுக்கு முன் செய்யப்பட்டவற்றில் 86 விழுக்காடும் குறைந்திருந்தது. பூனைகளின் பால்சுரப்பிக் கட்டிகளில் பெரும்பாலானவை கொடியவை என்பதால் இவ்வெண்கள் கருதத்தக்கவை. ஐந்து மாத வயதுக்குள் செய்துவிடவேண்டும் என்ற பரிந்துரையை அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கம் 2017-இல் ஏற்றுக்கொண்டது. காப்பகங்களில் எட்டு வாரக் குட்டிகளுக்கும் இது செய்யப்படுகிறது.

சிக்கல்கள்

முதல் நாளில் அஞ்சத்தக்கது உட்குருதிக் கசிவு. ஈறு வெளுத்தல், உடல் குளிர்தல், மயக்கம் தெளிந்தபின் மீண்டும் துவளுதல் ஆகியவை அதன் அறிகுறிகள். பூனையை உடனே மருத்துவரிடம் கொண்டுசெல்லவேண்டிய நிலை அது. புண்ணை நக்கித் தையலைப் பிரித்துக்கொள்ளாதிருக்கக் கழுத்தில் கூம்புப் பட்டை அணிவிக்கப்படும். வெளித்தையல்கள் 7 முதல் 10 நாட்களில் எடுக்கப்படும். தோலுக்குள் மறைத்து இடப்படும் கரையும் தையலுக்கு இது தேவையில்லை.

மாதங்களோ ஆண்டுகளோ கழித்து வெளிப்படுவது சூலக எச்ச நோய்த்தொகுதி. சூலகத்தின் சிறு துணுக்கு உள்ளே தங்கிவிட்டால் அது குருதியோட்டம் பெற்று மீண்டும் இயக்குநீரைச் சுரக்கும். அறுவை செய்த பூனை மறுபடியும் சினைப்பருவ நடத்தை காட்டும். கருப்பையின் அடிக்கட்டை உள்ள பூனையில் அங்கு சீழ்கட்டும் ஏற்படலாம். எச்சத்தைத் தேடும் இரண்டாம் அறுவையைப் பூனை சினைப்பருவத்தில் இருக்கும்போது செய்வது நல்லது, ஏனெனில் அப்போது துணுக்கு பருத்துக் கண்ணுக்குப் புலப்படும்.

அறுவைக்குப் பின் பூனையின் ஆற்றல் தேவை குறைகிறது, பசியோ கூடுகிறது. உணவைக் குறைக்காவிடில் உடல் பருக்கும்.

அடையாளமிடுதல்

அறுவை செய்யப்பட்ட பூனையை வெளித்தோற்றத்தால் அறிய இயலாது. அடையாளம் இன்மையால், ஏற்கனவே சூலகம் அகற்றப்பட்ட பூனையின் வயிற்றை மீண்டும் திறந்து தேடிய நிகழ்வுகள் எங்கும் உண்டு. இதைத் தவிர்க்கத் தெருப்பூனைகளின் ஒரு காதின் நுனி, பல இடங்களில் இடக்காதின் நுனி, மயக்கத்தில் இருக்கும்போதே நேராக வெட்டப்படுகிறது. அமெரிக்கக் காப்பக மருத்துவர்கள் வெட்டுத் தழும்பின் அருகே தோலில் பச்சை மையால் ஒரு சிறு கோடு பச்சை குத்துவதைப் பரிந்துரைக்கின்றனர்.

அறுவையில்லா முயற்சிகள்

மெட்ராக்சிபுரோஜெஸ்டிரோன், மெஜெஸ்ட்ரால் போன்ற மருந்துகள் சினைப்பருவத்தைத் தள்ளிப்போடும். ஆனால் இவை பால்சுரப்பி வீக்கம், கருப்பைச் சீழ்கட்டு, நீரிழிவு ஆகியவற்றுக்கு வழிவகுப்பதால் நெடுங்காலப் பயன்பாட்டுக்கு உகந்தவையல்ல. தோலடியில் பதிக்கப்படும் டெஸ்லோரெலின் வில்லை சில காலம் சூலக இயக்கத்தை அடக்கிவைக்கிறது. அமெரிக்காவின் சின்சினாட்டி விலங்குக் காட்சிச்சாலை ஆய்வாளர்கள் பங்குகொண்டு 2023-இல் வெளியிட்ட ஆய்வில், முல்லேரியன் எதிர் இயக்குநீரின் மரபணுவைத் தீங்கற்ற தீநுண்மத்தின் மூலம் ஒரே ஊசியில் பெற்ற ஆறு பெட்டைகளில் எதுவும் கடுவன்களோடு வைக்கப்பட்டும் குட்டி ஈனவில்லை. ஊசி பெறாத மூன்றும் ஈன்றன. ஒன்பது பூனைகளைக் கொண்ட இம்முடிவு மேலும் பெரிய எண்ணிக்கையில் சோதிக்கப்படவேண்டியதாகும்.